வண்டி இழுக்கும், ஆனால் தாங்குமா?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் ட்ரெய்லர் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பும் முன் பதினேழு வருடம் ஓமானில் இதே வேலைதான் பார்த்தேன். படகு ட்ரெய்லர், கேரவன், ஜெனரேட்டர் வண்டி எல்லாம் கை பார்த்தாயிற்று. பிக்கப்புக்குப் பின்னால் எதைக் கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்று ஊரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல். ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பின் கொக்கிமேல் அழுத்தும் எடையை நான் முன்பாரம் என்றே சொல்வேன். நம் மாட்டு வண்டிக்காரர்கள் சொன்ன சொல் அது. பாரம் முன்னால் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு இறுகும். ட்ரெய்லரிலும் அதே கணக்குதான்.

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணே, இரட்டை கேபின் பிக்கப் வைத்திருக்கிறேன். ஆர்.சி.யில் காலி எடை 1,950, மொத்த எடை 2,450 என்று இருக்கிறது. பின்னால் இழுக்க ஒரு சின்ன கேரவன் கட்டலாம் என்று ஆசை. ட்ரெய்லர் 700 கிலோவுக்குள் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். நாங்கள் ஐந்து பேர். இன்ஜினுக்கு நல்ல இழுவை இருக்கிறது. போதுமா?

தம்பி, இழுவையைப் பற்றிக் கவலையே வேண்டாம். இன்றைய டீசல் பிக்கப் இழுத்துவிடும். கவலையெல்லாம் பின்பக்கத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் பின் ஆக்ஸிலுக்கும்தான். உங்கள் ஆர்.சி.யில் மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் 500 கிலோ. ஆட்கள், சாமான், கொக்கிச் சட்டம், ட்ரெய்லரின் முன்பாரம் எல்லாம் இந்த 500-க்குள் அடங்க வேண்டும்.

அந்த 700 கிலோ எங்கிருந்து வந்தது? நீங்கள் அனுப்பிய வரைபடத்தை வைத்து நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சேஸ், ஆக்ஸில், சக்கரம் சேர்த்து 350. சுவர், தரை, கூரைக்கு 12 எம்.எம். பிளைவுட் 12 ஷீட் போட்டிருக்கிறீர்கள். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று சுமார் 23 கிலோ, ஆக 276. வெளித் தகடு, கதவு, ஜன்னல் 120. கட்டில், அலமாரி 100. இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று 55 கிலோ வீதம் இரண்டுக்கு 110. தண்ணீர்த் தொட்டி 200 லிட்டர், அப்படியே 200 கிலோ. நிரம்பிய சமையல் கேஸ் சிலிண்டர் 30. ஃபிரிட்ஜ், அடுப்பு 50. துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு 100. கூட்டினால் 1,336 கிலோ. நீங்கள் நினைத்ததில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஒற்றை ஆக்ஸில் ட்ரெய்லருக்கு முன்பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 12 என்று வைத்தால் 160 கிலோ. ஆளுக்கு 70 கிலோ என்று ஐந்து பேருக்கு 350. கொக்கியும் சட்டமும் 28. மொத்தம் 538. பின் தொட்டியில் ஒரு ஏத்தன் வாழைக்குலைகூட ஏற்றாமலேயே 38 கிலோ தாண்டிவிட்டது. இன்ஜின் அப்போதும் அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும், அதனால் உங்களுக்குத் தெரியாது. பட்டை தட்டையாகி, முன் சக்கரம் இலேசாகி, ஸ்டீயரிங் வழுக்குகிற மாதிரி வரும்போதுதான் தெரியும்.

கேரவனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிளைவுட்டை 6 எம்.எம். ஆக்கி, நடுவே தெர்மாகோல் வைத்து இரும்புச் சட்டத்தில் பிடியுங்கள். 138 கிலோ குறையும். புறப்படும்போது 40 லிட்டர் தண்ணீர் போதும், போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். ஒரு பேட்டரியை எடுத்துவிடுங்கள். இப்போது ட்ரெய்லர் 983 கிலோவுக்கு வருகிறது. முன்பாரம் 118, ஆட்களும் கொக்கியும் சேர்த்து 496. எல்லைக்குள் வந்தாயிற்று, ஆனால் கை அகல இடம்தான் மிச்சம். ஐந்தாவது ஆள் வேறு வண்டியில் வந்தால் எனக்கு நிம்மதி. இவ்வளவு எடைக்கு ட்ரெய்லரிலேயே பிரேக் வேண்டும், அதில் கை வைத்துப் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியை ஆக்ஸிலுக்கு நேர் மேலே, தரையோடு ஒட்டி வையுங்கள். பின் ஓரத்தில் வைத்தால் தொட்டி நிரம்ப நிரம்ப மூக்கு தூக்கும்.

நாகர்கோவிலிலிருந்து: பின் பம்பரில் கொக்கி வெல்டிங் வைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வைக்கலாமா அண்ணாச்சி?

வேண்டாம். பம்பர் மோதலைத் தாங்கச் செய்த தகடு, இழுப்பதற்கு அல்ல. சேஸின் இரண்டு கட்டையிலும் போல்ட் போட்டுப் பிடித்த சட்டத்தில்தான் கொக்கி நிற்க வேண்டும். அதோடு இரண்டு பாதுகாப்புச் சங்கிலி. அவற்றை மூக்குக்குக் கீழே குறுக்காக, பெருக்கல் குறி போல மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு சாலையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும்.

ஹூஸ்டனிலிருந்து, சொந்த ஊர் தக்கலை: அண்ணா, என் பிக்கப் 9,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று விளம்பரத்தில் இருக்கிறது. வாங்க நினைக்கும் டிராவல் ட்ரெய்லர் காலியாக 5,500 பவுண்டு, அதிகபட்சம் 7,000. விற்பனையாளர் தாராளமாகப் போதும் என்கிறார். நாங்கள் நான்கு பேர்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் நிலைச்சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் ஒரு வரி. உங்களுடையதில் 1,500 பவுண்டு என்று படம் அனுப்பியிருக்கிறீர்கள். விளம்பரத்தை மறந்துவிட்டு அந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் கிலோவில் போடுகிறேன். உங்கள் தாங்கும் திறன் 680 கிலோ. ட்ரெய்லரைக் காலி எடையில் பார்க்கவே கூடாது, யாரும் காலியாக இழுத்துக்கொண்டு சுற்றுலா போவதில்லை. 7,000 பவுண்டு என்பது 3,175 கிலோ. முன்பாரம் எட்டில் ஒரு பங்கு என்று வைத்தால் 397. நான்கு பேருக்கு 280. எடையைப் பகிரும் ஹிட்ச் 45. மொத்தம் 722. பின் தொட்டியில் சைக்கிள், ஐஸ் பெட்டி எதுவும் வைக்காமலேயே 42 கிலோ அதிகம். இழுக்கும் திறனில் இன்னும் 2,000 பவுண்டு மிச்சம் இருக்கிறது, தாங்கும் திறனோ முடிந்துபோயிற்று. குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். ஏனென்றால் அந்தப் பெரிய எண்ணைக் கணக்கிடும்போது வண்டிக்குள் ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் மட்டும், ஆளுக்கு 68 கிலோ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எடையைப் பகிரும் ஹிட்ச் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். அது பின் ஆக்ஸிலில் விழும் பாரத்தில் கொஞ்சத்தை முன் ஆக்ஸிலுக்கும் ட்ரெய்லரின் ஆக்ஸிலுக்கும் தள்ளும். ஸ்டீயரிங்கில் பிடிப்பு திரும்பும். நல்ல பொருள்தான், கட்டாயம் போடுங்கள். ஆனால் ஸ்டிக்கரில் இருக்கும் எண் அதனால் உயராது. காற்றுப் பை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினாலும் உயராது. அதிகபட்ச எடை 5,500-க்குள் நிற்கும் ட்ரெய்லரைத் தேடுங்கள் அல்லது தாங்கும் திறன் கூடிய பிக்கப்பைப் பாருங்கள்.

திங்கள்நகரிலிருந்து: முன்பாரத்தை எப்படி அளப்பது? தராசு வைக்க முடியாதே.

எடைமேடைக்குப் போங்கள். வழக்கமாக ஏற்றும் எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களையும் உட்கார வைத்து, முதலில் பிக்கப்பை மட்டும் தனியாக நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள். பிறகு ட்ரெய்லரை மாட்டி, பிக்கப் மட்டும் மேடையில் இருக்கும்படி, ட்ரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியே நிற்கும்படி ஒரு சீட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முன்பாரம். மூன்றாவதாக எல்லாம் மேடையில் ஏற ஒரு சீட்டு, அது மொத்த எடை. மூன்று சீட்டையும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய எடைமேடை 10, 20 கிலோ கணக்கில்தான் காட்டும். சின்ன ட்ரெய்லருக்கு அது போதாது. வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசே போதும். ஒரு உறுதியான பலகையின் ஒரு முனையைச் செங்கல்மேல் குழாய் வைத்து அதில் தாங்குங்கள், மறுமுனையைத் தராசின்மேல் வையுங்கள். செங்கலிலிருந்து ஒரு அடியில் ட்ரெய்லர் மூக்கும், மூன்று அடியில் தராசும் இருந்தால், தராசு காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். பலகையின் எடையை முதலிலேயே கழித்துவிட வேண்டும். ட்ரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும்.

தோவாளையிலிருந்து: ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகத் திருநெல்வேலி போகும்போது ட்ரெய்லர் வால் ஆட்டுகிறது. காற்றால்தானே?

காற்று தொடங்கி வைக்கும், பின்பாரம் வளர்க்கும். கணவாய் வழியாக வரும் அந்தத் தென்மேற்குக் காற்று, காற்றாலை நட்டுக் கரண்ட் எடுக்கிற அளவுக்கான காற்று. உயரமான கேரவனின் பக்கவாட்டு அதற்கு ஒரு பாய்மரம். பக்கத்தில் ஒரு பஸ் கடந்தால் முதலில் தள்ளும், அப்புறம் இழுக்கும். முன்பாரம் சரியாக இருந்தால் இரண்டு ஆட்டத்தில் அடங்கிவிடும். குறைவாக இருந்தால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும்.

2011-ல் ஓமானில் சோகாரிலிருந்து மஸ்கட் வரும் சாலையில் எனக்கு அது நடந்தது. ஜெனரேட்டரை இறக்குவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று ட்ரெய்லரின் பின் ஓரத்தில் வைத்துக் கட்டியிருந்தேன். கண்ணாடியில் ட்ரெய்லரின் வலது விளக்கு தெரிந்தது, மறைந்தது, பிறகு இடது விளக்கு தெரிந்தது. பயத்தில் பிரேக்கை அழுத்தினேன். பிக்கப் நின்றபோது சாலைக்குக் குறுக்கே இருந்தது, ட்ரெய்லர் சாய்ந்து கிடந்தது. பின்னால் யாரும் வராததால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டம் தொடங்கினால் பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள், எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். ட்ரெய்லர் பிரேக்குக்குத் தனிச் சுவிட்ச் இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்துங்கள், ட்ரெய்லர் பின்னால் இழுத்து நேராகும். ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் போனால் 60-க்கு மேல் போக வேண்டாம். போவதற்கு முன் எடைமேடையில் அந்த மூன்று சீட்டையும் வாங்குங்கள்.

பெர்த்திலிருந்து, சொந்த ஊர் குழித்துறை: இங்கே கேரவனுக்கு பிரேக் கட்டாயம் என்கிறார்கள். எந்த எடையிலிருந்து?

தங்கச்சி, ஆஸ்திரேலியாவில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும். கூடவே, ட்ரெய்லர் கழன்று போனால் தானாகவே பிரேக் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கு ஒரு தனி பேட்டரி இருக்கும். அதில் சார்ஜ் இருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பாருங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து: என் பிக்கப்பின் கொக்கியில் 50 எம்.எம். பந்து இருக்கிறது. ட்ரெய்லர் மூக்கில் பந்தைக் கவ்வும் இரண்டு இஞ்ச் கப்ளரும் அதுவும் ஒரே அளவுதானே?

இல்லை. இரண்டு இஞ்ச் என்பது 50.8 எம்.எம். அந்தக் கப்ளர் 50 பந்தில் மாட்டும், ஆனால் ஆடும். பள்ளத்தில் குதிக்கும்போது நம்பிக்கை இல்லை. ஒரே அளவில் வாங்குங்கள்.

தக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை: அம்மாவுக்கு முட்டி வலி. ஓடும்போது கேரவன் கட்டிலில் படுத்து வரலாமா?

கூடாது டீச்சர். உள்ளே பெல்ட் இல்லை, சுவர் மெல்லியது. அம்மா எழுந்து பின்பக்கம் நடந்தால் முன்பாரமும் மாறும். முன் சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்துக் கொடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறக்கி நடக்க விடுங்கள்.

குலசேகரத்திலிருந்து: ட்ரெய்லருக்குத் தனி ஆர்.சி. வேண்டுமா?

வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவு ட்ரெய்லருக்கும் பதிவு உண்டு என்கிறது. ட்ரெய்லரின் எண்ணோடு இழுக்கும் வண்டியின் எண்ணும் தெரிய வேண்டும்.

குளச்சலிலிருந்து: அண்ணே, 650 கிலோ ஃபைபர் படகை ட்ரெய்லரில் வைத்து பிக்கப்பில் இழுக்கிறேன். எடை பிரச்சினை இல்லை. ஆனால் எட்டு மாதத்துக்கு ஒருமுறை சக்கர பேரிங் போகிறது. டூப்ளிகேட் சாமானா?

சாமானைக் குறை சொல்லும் முன் நீங்கள் படகை இறக்கும் விதத்தைப் பார்ப்போம். சாலையில் ஓடி வந்த ஹப், அதாவது பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுக்குடம், கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதே சூட்டோடு பின்னால் எடுத்துக் கடலுக்குள் விடுகிறீர்கள். ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது ஆயில் சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அப்புறம் கிரீஸ் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். போன மாதம் முட்டத்திலிருந்து வந்த ஒரு ஹப்பைத் திறந்தேன். உருளைகளில் மிளகு தெளித்த மாதிரி கரும்புள்ளி. கையால் சுற்றினால் மணல் அரைகிற சத்தம்.

கரைக்கு வந்ததும் அரை மணி நேரம் பொறுங்கள். ஹப்பைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிய பிறகு இறக்குங்கள். முடிந்தால் ஆக்ஸில் நனையாத அளவுக்கு மட்டும் தண்ணீரில் விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை பழைய கிரீஸை முழுவதும் வழித்தெடுத்து, கடல் வேலைக்கான கிரீஸ் போட்டு, சீலை மாற்றுங்கள். சீல் விலை பேரிங் விலையில் ஒரு சிறு பங்குதான்.

இன்னொன்று. படகின் பின்னால் மோட்டார் தொங்குகிறது, பெட்ரோல் கேனும் அங்கேதான் வைப்பீர்கள். இரண்டும் பின்பாரம். நீங்கள் அனுப்பிய படத்தில் ட்ரெய்லரின் மூக்கு ஒரு கையால் தூக்குகிற மாதிரி இருக்கிறது. படகின் முன்பக்கத்தை இழுத்துப் பிடிக்கும் வின்ச் கம்பத்தைத் தளர்த்தி, படகை ஒரு சாண் முன்னால் கொண்டுவந்து கட்டிப் பாருங்கள். கேனை பிக்கப்பில் ஏற்றுங்கள். டயர்ப் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016-ம் ஆண்டு 23-வது வாரம். உங்கள் படத்தில் அதுதான் தெரிகிறது. பட்டன் தேயாமல் புதிதாகத்தான் இருக்கும், ஆனால் கடற்கரை வெயிலில் ரப்பர் செத்துப் போயிருக்கும். பேரிங்கை மாற்றும்போது டயரையும் மாற்றிவிடுங்கள்.