கல்யாண முருங்கை இலை வீங்குதா? வெட்டிடாதீங்க

கேள்வி: வேலில நிக்கிற கல்யாண முருங்கைல கொழுந்து இலையெல்லாம் முண்டு முண்டா வீங்கி சுருண்டு போச்சு. மரத்துக்கு ஏதோ வைரஸ், வெட்டிப் போட்டுருங்கன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. வெட்டிடவா? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: வேண்டாம்மா, வெட்டாதீங்க. இது வைரஸ் இல்ல. வீங்கின காம்பு ஒண்ணை ஒடிச்சு பிளேடால குறுக்க கீறிப் பாருங்க, உள்ள சின்னச் சின்ன அறையா இருக்கும், அறைக்கு ஒண்ணா வெள்ளைப் புழு கிடக்கும். மேல ஊசி குத்துன மாதிரி ஓட்டை இருந்தா அதுல இருந்தது ஏற்கனவே பறந்து போயாச்சுன்னு அர்த்தம். பறக்குறது ஒரு குளவி, ஆனா நம்மளக் கொட்டுற ஜாதி இல்ல, நீளமே ஒன்றரை மில்லிமீட்டர் தான். அது தளிருக்குள்ள முட்டை வச்சிடும், புழு வளர வளர இலை அதைச் சுத்தி வீங்கிக்கும்.

இதுக்கு குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினேன்னு பேர் வச்சதே 2004-ல தான், சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன்ல பிடிச்ச பூச்சிய வச்சு. 2005-ல ஹவாய்க்குப் போயிடுச்சு, கிட்டத்தட்ட அதே சமயத்துல கேரளா, தமிழ்நாடுன்னு நம்ம பக்கமும் வந்து இறங்கிடுச்சு. வயநாட்டுல மிளகுக் கொடி ஏத்துறதுக்கு காலங்காலமா நட்டு வச்சிருந்த முருக்கு மரங்க (இதுவும் கல்யாண முருங்கை இனம் தான்) பட்டுப் போனதும் இதனால தான், மரம் போனா கொடியும் சாயுமே, விவசாயிங்க ரொம்ப அடி வாங்கிட்டாங்க.

ஹவாய்ல இன்னும் மோசம். அங்க விலிவிலின்னு ஒரு மரம் இருக்கு, இதுவும் எரித்ரினா இனம் தான், நம்ம கல்யாண முருங்கைக்கு பங்காளி. அந்தத் தீவுகளைத் தவிர உலகத்துல வேற எங்கயும் தானா வளராது. அதோட கட்டை ரொம்ப லேசுங்கிறதால அந்த ஊர் ஜனங்க அலைல சறுக்குற பலகையே அதுல செஞ்சிருக்காங்க. அந்த மரம் கொத்துக் கொத்தா சாக ஆரம்பிச்சதும் ஆராய்ச்சியாளர்கள் ஆப்பிரிக்கா வரைக்கும் தேடிப் போய், தான்சானியால இந்தக் குளவியோட புழுவைத் தின்னுற இன்னொரு குளவியக் கண்டுபிடிச்சு, அது வேற எதுக்கும் கெடுதல் பண்ணாதான்னு சோதிச்சுப் பார்த்துட்டு 2008-ல கொண்டு போய் விட்டாங்க. மரங்க திரும்பத் தளிர் விட்டுச்சு. எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்சது அந்தப் பொறுமை தான்.

நீங்க செய்ய வேண்டியது, வீங்கின கொழுந்தை எல்லாம் வெட்டி உடனே எரிச்சிடுங்க, குப்பைமேட்டுல வீசுனா அங்கிருந்தே பறந்து திரும்ப வந்துடும். புதுத் தளிர் வர்றப்ப மறுபடியும் பாருங்க. ஹவாய்ல மரத்துக்குள்ள பூச்சி மருந்து ஏத்தியும் பார்த்தாங்க, ஆனா நீங்க இலையைப் பறிச்சு சமைக்கிறவங்க, உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். வேற இடத்துல நட போத்து வெட்டினா பச்சைத் தளிர் ஒண்ணு கூட இல்லாம உருவிட்டு வெறும் முத்தின கொம்பை மட்டும் கொண்டு போங்க, தளிரோட சேர்ந்து பூச்சியும் ஊர் மாறும்.

கேள்வி: மதுரைல சாயங்காலக் கடைல பச்சையா ஒரு வடை விக்கிறாங்களே, அதை வீட்டுல செய்யலாமா? விதையும் சாப்பிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: முள்ளுமுருங்கை வடை! கல்யாண முருங்கைக்கு இன்னொரு பேர் தான் முள்ளுமுருங்கை. தாராளமா செய்யலாம். ரொம்ப முத்தாத இலையா பறிச்சு, நடு நரம்பைக் கிழிச்சு எடுத்துட்டு, ஊற வச்ச அரிசியோட சேர்த்து கெட்டியா அரைச்சு, மிளகு சீரகம் உப்பு போட்டு மெல்லிசா தட்டி எண்ணெய்ல போடுங்க, மேல இட்லிப்பொடி தூவினா தான் அது முழுசாகும். சளி பிடிச்சா பாட்டிங்க இதே மாவுல அடை ஊத்திக் குடுப்பாங்க.

விதையைத் தொடாதீங்க. எரித்ரினா விதைகள்ல தசையைச் செயலிழக்க வைக்கிற விஷச்சத்து இருக்கு. பார்க்க அழகா இருக்கேன்னு குழந்தைங்க பொறுக்கி வாயில போட்டுடாம பார்த்துக்கங்க.

கேள்வி: எங்கட வீட்டில பொன்னுருக்கல் (தாலிக்குப் பொன் உருக்கிற சடங்கு) அண்டைக்கு கன்னிக்காலுக்கு (கலியாணத்துக்கு ஊண்டிற கால்) முள்முருக்கந்தடி ஊண்டினவை. கலியாணம் முடிஞ்சும் அது தளிர்க்குது. பிடுங்கவோ விடவோ? (வாசகி, வவுனியா)

பதில்: விடுங்கம்மா, உங்க முள்முருக்கு தான் நம்ம கல்யாண முருங்கை, தளிர்க்கணும்னு தானே அந்தத் தடியை எடுக்குறாங்க! வெறும் கொம்பை மண்ணுல ஊணினாலே வேர் பிடிக்கிற மரம் இது. ஆனா பெருசா வளரும், கட்டையோ மென்மை, பலமான காத்துக்கு கிளை முறியும், அதனால சுவர் ஓரம்னா இப்பவே தள்ளி நட்டுடுங்க. பயறு குடும்பத்து மரம், இலை கொட்டுற இடத்துல மண்ணும் நல்லா ஆகும்.

கேள்வி: பூ இவ்வளவு சிவப்பா இருக்கு, மோந்து பார்த்தா வாசனையே இல்லையே? (மாணவர், தேனி)

பதில்: அது பறவைக்குன்னே பூக்குற பூ தம்பி. பறவைங்க பெரும்பாலும் கண்ணை நம்பி தான் வரும், அதுக்கு வாசனை எதுக்கு? இலையெல்லாம் கொட்டிட்டு மொட்டையா நிக்கிறப்ப பூக்குறதால தூரத்துல இருந்தே தெரியும். மாசி பங்குனில காலைல போய் நின்னு பாரு, மைனா, காக்கா, ரெட்டைவால் குருவி, தேன்சிட்டுன்னு ஒரு கூட்டமே சண்டை போடும். பூவுல ஒரு பெரிய இதழ் பின்னால விரிஞ்சிருக்கும், மகரந்தத் தண்டுங்க வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், மைனா தேனுக்கு மூக்கை விடுறப்ப அந்தத் தூள் அது தலையிலயும் தொண்டையிலயும் ஒட்டி அடுத்த மரத்துக்குப் போயிடும். அமெரிக்கக் கண்டத்துல இதே எரித்ரினா இனத்துல பல மரங்களுக்கு குழாய் மாதிரி ஒடுக்கமான பூ, ஏன்னா அங்க வர்றது அந்தரத்துல பறந்துக்கிட்டே குடிக்கிற ஹம்மிங்பேர்டு. நம்ம மரத்துக்கு வர்றது உக்காந்து குடிக்கிற கூட்டம், அதனால தான் இங்க பூங்கொத்துக்கு அவ்வளவு தடிமனான காம்பு.