பயனர் தரும் சரத்தை பிரின்ட்கே-வில் நேராகப் போடாதீர்கள்

பயனர் எழுதுவதை உங்கள் டிரைவர் பஃபரில் வாங்கி, அப்படியே பிரின்ட்கே-வின் (லினக்ஸ் கர்னல் லாகில் செய்தி எழுதும் printk ஃபங்ஷன்) முதல் ஆர்குமென்ட்டாகக் கொடுக்கிறது, சில நேரம் மட்டும் கர்னல் ஊப்ஸ் (கர்னலுக்குள் நடந்த பிழையின் அறிவிப்பு) வருகிறது என்கிறீர்கள். கோளாறு அந்த ஒரு வரியில்தான்.

முதல் ஆர்குமென்ட் வெறும் சரம் அல்ல, வடிவச் சரம்: அதிலுள்ள % குறிகளைக் கர்னல் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். %s என்றால் 'அடுத்த ஆர்குமென்ட் காட்டும் முகவரியில் உள்ள சரத்தை அச்சிடு' என்று பொருள். பயனர் "50%s" என்று எழுதினால் கர்னல் ரெஜிஸ்டரில் கிடக்கும் ஏதோ ஒரு மதிப்பை முகவரியாக எடுத்துக்கொண்டு அங்கே படிக்கப் போகும். அது செல்லாத முகவரியாக இருந்தால் ஊப்ஸ். செல்லுபடியானதாக இருந்தால் இன்னும் மோசம், கர்னல் நினைவகம் சத்தமில்லாமல் லாகில் கசியும். லினக்ஸ் 4.15 முதல், முகவரியை அச்சிடும் சாதாரண %p அதை ஹேஷ் செய்தே (உண்மை மதிப்பை மறைத்தே) அச்சிடுகிறது, ஆனால் %s-க்கு அந்தக் காப்பு இல்லை.

சரி, "%s" போட்டுவிட்டால் போதுமா? போதாது. பயனர் பக்கத்திலிருந்து நகலெடுக்கும் ஃபங்ஷன் (copy_from_user) சரத்தின் முடிவில் பூஜ்ய பைட் வைக்காது, ஆனால் %s அந்தப் பைட்டைக் கண்டுதான் நிற்கும். அச்சு பஃபரைத் தாண்டி ஓடும். நடுவில் ஒரு புதுவரிக் குறியைப் போட்டு, கர்னலே சொன்னது போலப் பொய் வரி எழுதவும் முடியும். "%*pE" போட்டு நீளத்தையும் தாருங்கள்; அது அந்த நீளம் வரை மட்டும் படிக்கும், புதுவரி போன்ற குறிகளை \n என எழுத்தாகக் காட்டும், இரண்டும் தீரும்.

அப்புறம், பிரின்ட்கே-வின் ரேட்லிமிட் வகையைப் (செய்திகள் குவியாமல் கட்டுப்படுத்தும் printk_ratelimited) பயன்படுத்துங்கள். இயல்பில் 5 நொடிக்கு 10 செய்திதான் விடும். 115200 பாட் சீரியல் கன்சோலில் 80 எழுத்து வரி ஒன்றுக்கே சுமார் 7 மில்லிநொடி பிடிக்கும். யாராவது லூப்பில் எழுதினால் மெஷின் திணறும்.