இறந்துபோன அப்பா எப்படி விற்றார்? சொத்து: வாசகர் கேள்வி – பதில்

சார்பதிவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: திருவள்ளூர் மாவட்டத்தில் என் அப்பா 1991-இல் ஒரு மனை வாங்கினார். 2016-இல் இறந்துவிட்டார். ஒரிஜினல் பத்திரம் எங்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. போன மாதம் ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தால், 2023-இல் அப்பாவே ஒருவருக்குப் பவர் (தன் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்திருக்கிறார், அந்த முகவர் அடுத்த மாதமே வேறொருவருக்குக் கிரயம் செய்திருக்கிறார்! பதிவு அலுவலகத்திலேயே ரத்து செய்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். செய்ய முடியுமா?
– வாசகி, வேலூர்

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அம்மா. மனை உங்கள் கையை விட்டுப் போய்விடவில்லை. ஆள்மாறாட்டம் செய்து எழுதிய பத்திரம் பதிவாகிவிட்டது என்பதற்காக உரிமை கைமாறிவிடாது. தனக்கு இல்லாத உரிமையை யாராலும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இதற்குமேல் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

ரத்து பற்றி உங்களிடம் சொன்னவர் பழைய கதையைச் சொல்கிறார். 2022-இல் தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, போலிப் பத்திரங்களை ரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்கு 77-ஏ என்ற பிரிவின் மூலம் கொடுத்தார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. சொத்து யாருடையது என்று முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. எனவே “ஆபீஸிலேயே ரத்து பண்ணித் தருகிறேன்” என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். அந்தப் பவர், கிரயம் இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அப்பாவின் பெயரில் வந்து உட்கார்ந்தவனின் புகைப்படமும் கைரேகையும் அதில் இருக்கும். மோசடி செய்தவனே தன் அடையாளத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். புகாரை வாங்கும் காவல் துறை, அந்தக் கைரேகையை நிபுணர்களிடம் அனுப்பி ஒப்பிட முடியும். சாட்சிகளின் பெயர், முகவரி, பத்திரம் எழுதியவரின் பெயர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பத்திரங்களிலும் ஒரே சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். முகவர் கிரயம் எழுதிக் கொடுக்கும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவர் தந்த உயிர்வாழ் சான்றைக் காட்ட வேண்டும். 2016-இல் இறந்தவருக்கு 2023-இல் அந்தச் சான்றைக் கொடுத்தது யார்? புகார் மனுவில் இந்தக் கேள்வியை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஒரிஜினல் பத்திரம் ஆகியவற்றின் நகல்களோடு, மாவட்டக் காவல் துறையின் நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவில் புகார் கொடுங்கள். இது 2011-இல் இதற்கென்றே தொடங்கிய பிரிவு. பதிவு அலுவலரிடம் பொய் சொல்வதும் ஆள்மாறாட்டம் செய்வதும் பதிவுச் சட்டத்தின் 82-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மாவட்டப் பதிவாளருக்கும் ஒரு மனு போடுங்கள். ரத்து செய்ய முடியாவிட்டாலும், விசாரித்துக் குற்ற நடவடிக்கைக்கு அனுமதி தர அவருக்கு அதிகாரம் உண்டு.

காவல் துறை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு பத்திரங்களும் உங்களைக் கட்டுப்படுத்தாது என்று விளம்புகை (நீதிமன்றத்தின் அறிவிப்பு) கேட்டும், மனைக்குள் யாரும் நுழையக் கூடாது, மேற்கொண்டு விற்கக் கூடாது என்று உறுத்துக் கட்டளை (தடை உத்தரவு) கேட்டும் உரிமையியல் வழக்குப் போட வேண்டும். மோசடி தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். ஈ.சி. எடுத்த தேதிதான் அதற்கு ஆதாரம், அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். வழக்கறிஞரிடம் இன்னொன்றும் கேளுங்கள். அப்பா கையெழுத்தே போடாத பத்திரம் என்பதால் ‘ரத்து’ என்று கேட்கத் தேவையில்லை, ‘செல்லாது’ என்று விளம்புகை கேட்டால் போதும். நீதிமன்றக் கட்டணத்தில் இது பெரிய வித்தியாசம் தரும்.

பட்டாவையும் உடனே பாருங்கள். உட்பிரிவு தேவைப்படாத சொத்தில், பட்டாவில் இருக்கும் பெயரும் விற்றவர் பெயரும் ஒன்றாக இருந்தால், பதிவு முடிந்ததும் பட்டா தானாகவே மாறிவிடக்கூடும். அப்படி மாறியிருந்தால் வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள்.

கேள்வி: தாம்பரம் பக்கம் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. நாங்கள் சிங்கப்பூரில் இருப்பதால் பூட்டியே கிடக்கிறது. செய்திகளைப் படித்தால் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: யாரும் எட்டிப் பார்க்காத சொத்தைத்தான் தேடிப் போவார்கள். பூட்டிய வீடு, காலிமனை, இறந்தவர் பெயரிலேயே கிடக்கும் பட்டா இவைதான் அவர்களுக்கு வேண்டும்.

பதிவுத் துறையின் இணையதளத்தில் ஈ.சி.யைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய வேலை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. உங்கள் பத்திரத்தில் இருக்கும் பழைய சர்வே எண், பட்டாவில் இருக்கும் புதிய உட்பிரிவு எண் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். நகரப் பகுதி என்றால் நகர அளவை எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போலிப் பத்திரத்தை நீங்கள் தேடாத எண்ணில் எழுதியிருப்பார்கள்.

வீட்டு வரி, மின் இணைப்பு, பட்டா எல்லாம் இப்போதைய உரிமையாளர் பெயரில் இருக்கட்டும். வரி ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். வீடு யாருடைய கைவசம் இருக்கிறது என்ற கேள்வி வரும்போது அவை பேசும்.

ஊரில் இருக்கும் உறவினருக்கு வசதிக்காகப் பொது அதிகாரம் (எல்லா வேலைக்குமான பவர்) எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வாடகை வசூலிக்க, வரி கட்ட, வழக்கு நடத்த என்று தேவையான வேலையை மட்டும் குறிப்பிட்டு எழுதுங்கள். ‘விற்க’ என்ற சொல் அதில் வரவே கூடாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், ரத்துப் பத்திரம் பதிவு செய்து, முகவருக்கு விரைவுத் தபாலில் அறிவிப்பும் அனுப்புங்கள்.

அப்புறம், விற்கும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, புரோக்கர் கேட்டார் என்று பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். உங்கள் கையெழுத்து, அப்பா பெயர், எல்லைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. மோசடிக்கு வேண்டிய மூலப்பொருள் அத்தனையும் அதுவே. நேரில் வந்து பார்க்கும், உண்மையிலேயே வாங்க நினைப்பவருக்குக் காட்டினால் போதும்.

கேள்வி: பட்டா என் பெயரில் இருக்கிறது. அதுவே போதும்தானே?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: போதாது. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. உரிமையை நிலைநாட்டுவது கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை போன்ற பத்திரங்களும் அவற்றுக்கு முந்தைய தாய்ப்பத்திரங்களும்தான். இரண்டும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு வீட்டை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். விலை கொஞ்சம் குறைவு. ஒரிஜினல் தொலைந்துவிட்டது, நகல் இருக்கிறது என்கிறார் விற்பவர். ஈ.சி. சுத்தமாக இருக்கிறது. முன்பணம் கொடுக்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். பத்திரம் உண்மையிலேயே தொலைந்திருக்கலாம். யாரிடமாவது அடமானமாகவும் இருக்கலாம். பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனுக்கு எழுத்தே இல்லாமல் போகலாம், அப்போது ஈ.சி.யில் ஒரு வரிகூட வராது. ‘ஈ.சி. சுத்தம்’ என்பதை மட்டும் நம்பி வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கக் கூடாது.

தொலைந்ததாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாரா, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கினாரா, நாளிதழில் விளம்பரம் செய்தாரா என்று கேளுங்கள். அந்தப் புகாரின் தேதியைப் பாருங்கள். உங்களோடு விலை பேசத் தொடங்கிய பிறகு கொடுத்த புகார் என்றால் சந்தேகப்படுங்கள். தெருவில் இருக்கும் இரண்டு வீட்டிலாவது இவர்தான் உரிமையாளரா, எத்தனை வருடமாக இருக்கிறார் என்று விசாரியுங்கள். சான்றிட்ட நகலில் இருக்கும் கையெழுத்தையும், புகைப்படம் இருந்தால் அதையும், எதிரில் உட்கார்ந்திருப்பவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் தரப்பிலிருந்தும் வழக்கறிஞர் மூலம் ஒரு நாளிதழ் அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபம் தெரிவிக்க 15 நாள் அவகாசம் விடுங்கள். “இன்றைக்கே முன்பணம் தராவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறார்” என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்த வேறு ஆளுக்கே விட்டுவிடுங்கள்.