ஊர்ப்பக்கம் இருப்பவன் காலேஜ் போவதா, ஐடிஐ போவதா?

கேள்வி இதுதான்: "பெரம்பலூர் பக்கம் கிராமம். பன்னிரண்டாவது முடித்துவிட்டேன். வீட்டில் இன்ஜினியரிங் சேரச் சொல்கிறார்கள். எனக்கு ஐடிஐ படித்துவிட்டு வேலைக்குப் போக ஆசை. எது சரி?"

பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். மேலே பதிலில் ஒருவர் "டிகிரி இல்லாதவனை இந்தக் காலத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள்" என்று எழுதியிருப்பதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் டிகிரி இல்லாதவன். வெல்டர். நீங்களும் அதே மாவட்டம் என்பதால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். தங்கையாக இருந்தால் மன்னிக்கவும், சொல்லப்போவது அதேதான்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். மானாவாரி நிலம், மக்காச்சோளமோ பருத்தியோ. சின்ன வெங்காயம் போட்டால் ஒரு வருடம் சிரிப்பு, இரண்டு வருடம் அழுகை. பெரம்பலூர் டவுனுக்கே ரயில் கிடையாது, எங்கே போவதென்றாலும் பஸ். சொந்தத்தில் யாரோ ஒருவர் மகன் காரில் வந்து இறங்கியிருப்பார். அன்றிலிருந்து உங்கள் வீட்டில் சோறு இறங்கியிருக்காது.

நான் பன்னிரண்டாவது முடித்தது 2007. இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வை எடுத்துவிட்ட முதல் வருடம் அதுதான். மார்க் மட்டும் போதும் என்றானதும் ஊரே காலேஜ் பக்கம் திரும்பியது. பாடாலூர் பஸ் ஸ்டாப்பில் நிழலுக்கு நின்றால் தலைக்கு மேல் நான்கு காலேஜ் பேனர் தொங்கும். அடுத்த சில வருடங்களில் தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. என் பெரியப்பா மகனும் நானும் ஒரே வகுப்பு. ஆறு மாதம் மூத்தவன், அண்ணன் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவன் ஈ.சி.ஈ. சேர்ந்தான். கல்விக்கடனுக்குப் பெரியப்பா நடந்த நடையில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது.

நான் ஐடிஐ போனதற்குக் காரணம் ஆசை என்று பொய் சொல்ல மாட்டேன். பணம் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை எல்லாம் அப்போது வரவில்லை. அந்த வருடம் பருத்தி காய்ப்புழுவில் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட உட்கார்ந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே போய் வெல்டர் டிரேடில் (தொழிற்பிரிவில்) சேர்ந்துவிட்டேன். ஒரே வருடம், சீக்கிரம் சம்பாதிக்கலாம் என்பதுதான் கணக்கு. எட்டாவது பாஸ் போதும் என்கிற டிரேடு அது. விண்ணப்பத்தை வாங்கியவர் என் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஃபிட்டர் கேக்கக்கூடாதா?" என்றார். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஐடிஐயில் என்ன கற்றேன் என்று கேட்டால், வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொள்ளாமல் ஆர்க், அதாவது மின்பொறி, எடுக்கக் கற்றேன். அவ்வளவுதான். வாத்தியார்களைக் குறை சொல்லவில்லை. இருபது பேருக்கு ஓடுகிற மெஷின் மூன்று என்றால் அவர் என்ன செய்வார்? இப்போது நிலைமை மாறியிருக்கிறது. அரசு ஐடிஐகளில் 71-ஐ டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறார்கள், ரோபோ வெல்டிங், கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மெஷின் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் ஒன்று, தொழில் ஐடிஐயில் வராது. அதற்கு அப்புறம் யார் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதில்தான் வரும்.

நான் நின்றது துவாக்குடியில். திருச்சியில் பாய்லர் தொழிற்சாலை வந்ததிலிருந்து அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்த இடம். ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து, டோல்கேட் தாண்டி, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து துவாக்குடி பஸ். ஹெல்பராக நாளுக்கு 120 ரூபாய். வேலை, கிரைண்டர் பிடிப்பதும் ஒட்டின் மேல் படிகிற கசடான ஸ்லாக்கைத் தட்டுவதும் டீ வாங்குவதும்.

முதல் வாரமே ஆர்க் வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டது. முகத்துக்குப் பிடிக்க விரிசல் விட்ட ஷீல்டைக் கொடுத்திருந்தார்கள், நானும் கேட்கவில்லை. பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். கண்ணுக்குள் ஒரு கைப்பிடி மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி இருக்கும், மூடினாலும் எரியும், திறந்தாலும் எரியும். அம்மா பதறிப்போய் டார்ச்சை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, கைக்குழந்தை வைத்திருந்த அக்காவிடம் சங்கில் தாய்ப்பால் வாங்கிவந்து கண்ணில் விட்டார். இரண்டு துளி. ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். (டாக்டர் யாராவது படித்தால் திட்ட வேண்டாம். செய்யக்கூடாது என்று இப்போது தெரியும்.) மறுநாள் அந்த அக்கா தெருவில் பார்த்து, "ஏன்டா, இன்ஜினியரிங் சேர்ந்திருந்தா இதெல்லாம் உண்டா?" என்றார். எரிச்சல் கண்ணில் இருந்ததைவிட அதில்தான் அதிகம்.

பட்டறையில் ஒரு அண்ணன் இருந்தார். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஆறு ஜி டெஸ்ட் என்று ஒன்று உண்டு. குழாயை நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவிடுவார்கள். குழாய் திரும்பாது, நீங்கள்தான் அதைச் சுற்றி வர வேண்டும். கீழே படுத்து ஆரம்பித்து, குந்தி, மண்டியிட்டு, எழுந்து நின்று மேலே முடிக்க வேண்டும். ரூட், அதாவது அடி ஒட்டை, டிக்கில் (ஆர்கான் கேஸ் விட்டு ஒட்டுவது) போட வேண்டும், அதற்கு மேல் ராடு வைத்து ஆர்க்கில் நிரப்ப வேண்டும். பாய்லர் குழாயில் கை வைக்க இதில் தேறி, சான்று வாங்கியாக வேண்டும். அப்போது 1923-ஆம் வருடத்துப் பாய்லர் சட்டத்தின் கீழ் வந்த வேலை. ஒட்டு விட்டால் வெடிப்பது ஆவி, பக்கத்தில் நிற்பவன் மிஞ்ச மாட்டான்.

இரண்டு வருடம் ஓரத்தில் கிடந்த துண்டுக் குழாயில் பழகினேன், பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில். அப்போது பவர் கட் வேறு. கரண்ட் இருக்கும்போது கம்பெனி வேலை, ஜெனரேட்டரில் எனக்குப் பழகத் தர மாட்டார்கள். முதல் தடவை டெஸ்ட் கொடுத்தபோது வெளியிலிருந்து பார்க்க ஒட்டு வரி (பீட்) அவ்வளவு அழகு, காசை அடுக்கி வைத்த மாதிரி. எக்ஸ்ரே வந்தது. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தால் ரூட் முழுக்கக் கறுப்புப் புள்ளி, கடுகு சிதறினாற்போல். பொரோசிட்டி, ஒட்டுக்குள் காற்றுக் குமிழி. ஃபெயில். என்ன தப்பு என்றே எனக்குப் புரியவில்லை. அண்ணன் ஃபிலிமைப் பார்க்கவே இல்லை. நான் வேலை செய்த மூலைக்குப் போய் நின்றார், மேலே பார்த்தார்.

"ஃபேன் போட்டியா?"

"வெக்கையா இருந்துச்சுண்ணே."

"காத்து பட்டா ஆர்கான் நிக்காது தம்பி. நீ போட்ட கேஸெல்லாம் ஃபேனு குடிச்சிருச்சு."

அதுதான் படிப்பு. ஐடிஐ புத்தகத்திலும் அது இருந்தது, நான் பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அடுத்த தடவை மே மாதத்தில் ஃபேன் இல்லாமல், தகர ஷெட்டில், வியர்வை மூக்கு நுனியில் தொங்கத் தொங்கப் போட்டேன். தேறிவிட்டேன். அந்த ஃபிலிமை இன்னும் வைத்திருக்கிறேன். போன வருடம் என் மகள் எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு "அப்பா, இது யாரோட எலும்பு?" என்றாள்.

2011-இல் பெரியப்பா மகன் நான்கு அரியரோடு வெளியே வந்தபோது என் கூலி நாளுக்கு 450. அவனுக்கு ஒரு வருடம் வேலை இல்லை. பிறகு சென்னையில் ஏதோ கால் சென்டர், அப்புறம் ஒரகடம் பக்கம் டிரெய்னி, எட்டாயிரம் சம்பளம், அதில் கடன் தவணை வேறு. ஊர்த் திருவிழாவுக்கு வந்தவனுக்கு நான்தான் செலவு செய்தேன். அந்த வருடம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

இங்கேயே நிறுத்தினால் உங்கள் ஆசைக்குத் தீனி போட்ட மாதிரி இருக்கும். ஆனால் கதை இங்கே முடியவில்லை. 2013 வாக்கில் மின் நிலையங்களுக்குப் புது ஆர்டர் குறைந்தது. துவாக்குடியில் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. நான் சவூதி போனேன், ஜுபைலில் ஷட்டவுன் வேலை, ஆலையை நிறுத்திவைத்துப் பழுது பார்ப்பது. போவதற்கு ஊர் ஏஜெண்ட் ஒருவர் எண்பதாயிரம் வாங்கினார். டிக் வெல்டர் என்று சொல்லி அனுப்பி, அங்கே போனதும் ஆறு மாதம் ஹெல்பர். சேவைக் கட்டணத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் இருப்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். நீங்கள் போவதாக இருந்தால் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் ஏஜெண்ட் பதிவு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

அந்த நேரத்தில் பெரியப்பா மகன் ராத்திரி கண் விழித்து வங்கித் தேர்வுக்குப் படித்தான். ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் போதும் என்கிற தேர்வு. 2016-இல் கிளார்க் ஆனான். இப்போது நாமக்கல் பக்கம் ஒரு கிளையில் இருக்கிறான். மெடிக்கல் இன்ஷூரன்ஸ், லீவு, வீட்டுக்கடன் எல்லாம் உண்டு. ஐந்து வருடம் அவன் கையில் செல்லாத நோட்டாகக் கிடந்த டிகிரி, ஆறாம் வருடம் செல்லுபடியானது. எனக்கு அந்த வாசல் கிடையாது. குரூப் 2 எழுத முடியாது. சைட்டில்கூட, ரூட் எது, மேல் ஒட்டான கேப் எது என்று தெரியாத டிப்ளமோ பையன் சூப்பர்வைசராக வந்து நின்றபோது நான் "சரிங்க சார்" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பையன் மேல் தப்பில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

2020-இல் கொரோனா சமயத்தில் திரும்பி வந்து, ஹைவே ஓரம் சின்னதாகப் பட்டறை போட்டிருக்கிறேன். டிரெய்லர், ரொட்டவேட்டர், ஷெட், கேட். சாப்பாட்டுக்குக் குறையில்லை, கடனும் இல்லை. குறை வேறு இடத்தில். சொந்தக்காரர்கள். "தம்பி, கிரில் ஒண்ணு ஒட்டிட்டுப் போயேன், அஞ்சு நிமிஷ வேலைதானே?" அஞ்சு நிமிஷ வேலைக்கு ராடு யார் தருவது, கரண்ட் பில் யார் கட்டுவது? சிவில் இன்ஜினியர் மருமகனைக் கூப்பிட்டு "மாப்ளே, ஒரு சுவர் எழுப்பிட்டுப் போ" என்று யாராவது சொல்வார்களா? கோயில் கேட் ஒன்று செய்து கொடுத்தேன், நான்கு வருடம் ஆகிறது, பாதிப் பணம் இன்னும் வரவில்லை. கேட்டால் "சாமி காரியம்" என்கிறார்கள். இரும்புக் கடைக்காரர் சாமிக்காகத் தள்ளுபடி தரவில்லை. கும்பாபிஷேகக் கல்வெட்டில் ஐநூறு ரூபாய் கொடுத்தவர் பேர்கூட இருக்கிறது. சரி விடுங்கள், இது உங்கள் கேள்வி இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஐடிஐ போங்கள், ஆனால் வெல்டர் மட்டும் என்று நிற்காதீர்கள். இரண்டு வருட டிரேடாக, ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ எடுங்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் தேர்வு எழுத அந்த மாதிரி டிரேடுதான் உதவும். அரசு ஐடிஐ என்றால் கட்டணம் இல்லை, மாதம் 750 உதவித்தொகை, பஸ் பாஸ். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வனோ புதுமைப் பெண்ணோ, மாதம் ஆயிரம் தனியாக. எனக்கு எண்ணெய்ச் செலவுக்கே வழியில்லாமல் இருந்தது. முடித்ததும் அப்ரண்டிஸ் கிடைத்தால் சம்பளம் குறைவு என்று விட்டுவிடாதீர்கள். அப்புறம் ஐடிஐயை வைத்து பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், அங்கிருந்து பி.இ.யிலும் இரண்டாம் வருடம் சேரலாம். அந்தப் படியை நான் ஏறவில்லை. கையில் காசு புழங்கியதும் படிப்பு எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

"ஒருத்தன் கதையை வைத்து எல்லோருக்கும் சொல்லாதே" என்று கமெண்டில் வருவார்கள். உண்மைதான், எனக்குத் தெரிந்தது என் கதை மட்டும்தான். நல்ல கல்லூரியில் நல்ல மார்க்கோடு இடம் கிடைத்து, வீட்டில் நிலத்தை விற்காமல் படிக்க வைக்க முடியும் என்றால் தயங்காமல் போய்ப் படியுங்கள். எந்தக் கல்லூரி என்றே தெரியாமல், பேனரைப் பார்த்துச் சேர்க்கிறார்கள் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

சேருவதற்கு முன்னால் பக்கத்தில் எந்தப் பட்டறையிலாவது ஒரு மே மாதம் மட்டும் ஹெல்பராக நில்லுங்கள், சம்பளம் கேட்காமல். அந்த வெக்கையில் நான்காவது நாளும் போகத் தோன்றுகிறதா என்று பாருங்கள். போகும்போது ஷீல்டைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். 11-ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி, விரல் நகத்தால் தடவிப் பார்த்து விரிசல் இல்லாததாக. அங்கே கொடுக்கிற பழசைப் போடாதீர்கள்.