நாலு மணி இனிப்பும் புரோட்டீன் பவுடரும்

கேள்வி: எனக்கு வயது 42, எடை 68 கிலோ. சர்க்கரை நோய் இல்லை. மாலை நாலு மணி ஆனால் சாக்லேட்டோ கேக்கோ சாப்பிடாமல் இருக்க முடிவதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மறுபடி ஏதாவது இனிப்பு வேண்டும். புரதம் நிறையச் சாப்பிட்டால் இந்த ஆசை அடங்கும் என்றார்கள். மூன்று வாரமாகப் படுக்கப் போகும் முன் பாலில் புரோட்டீன் பவுடர் கலந்து குடிக்கிறேன். ஆசை குறையவில்லை, எடைதான் ஒரு கிலோ ஏறியிருக்கிறது. காலையில் இரண்டு துண்டு ரொட்டி, ஜாம், டீ. மதியம் சாதமும் காய்கறியும். எங்கே தப்பு?

பதில்: தப்பு பெரும்பாலும் நேரத்தில் இருக்கிறது. நாலு மணிக்கு வருவதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வருவதும் ஒரே ஆசை இல்லை. முதலாவதற்குப் புரதம் நன்றாகவே உதவும். இரண்டாவதற்கு அநேகமாக உதவாது.

முதலில் நாலு மணியைப் பார்ப்போம். உங்கள் காலைச் சாப்பாட்டில் இருக்கும் புரதத்தைக் கூட்டினால் ரொட்டியில் 5 அல்லது 6 கிராம், டீயில் சேரும் பாலில் 2 கிராம், மொத்தம் 8 கிராம்கூடத் தேறுவது சந்தேகம். ரொட்டியும் ஜாமும் ரத்தத்தில் குளுக்கோஸை வேகமாக ஏற்றும். சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் அது சட்டென்று இறங்கி, பசியைக் கிளப்பிவிடும். மதியச் சாப்பாட்டிலும் புரதம் கம்மி. காலையிலிருந்து சேர்ந்த பசிதான் நாலு மணிக்கு இனிப்பைத் தேடுகிறது. புரதம் சாப்பிட்டால் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் குடல் ஹார்மோன்கள் கூடும். பசியைத் தூண்டும் க்ரெலின் தணியும். ஆனால் இந்தப் பலன் சாப்பிட்ட பிறகு சில மணி நேரம்தான் நிற்கும். இரவில் குடித்த பவுடர் மறுநாள் மாலைக்கு என்ன செய்யும்?

எடை ஏறியதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு டம்ளர் பாலும் ஒரு ஸ்கூப் பவுடரும் சேர்ந்தால் 220 முதல் 250 கலோரி. எதையும் குறைக்காமல் அதை மேலே சேர்த்தீர்கள். புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி உண்டு, மாவுச்சத்தைப் போலவே.

அதனால் காலைக்கு 25 கிராம் என்று இலக்கு வையுங்கள். இரண்டு முட்டையில் 12 கிராம், 200 மில்லி பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல், இரண்டு துண்டு ரொட்டியில் 5 கிராம், கிட்டத்தட்ட வந்துவிடும். முட்டை வேண்டாம் என்றால் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 150 கிராம், ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலை, ரொட்டி. சாதாரணத் தயிரில் 100 கிராமுக்குச் சுமார் 3.5 கிராம் புரதம்தான். வடித்ததில் 9 கிராம் வரை இருக்கும். ஜாமை விட்டுவிடுங்கள். மதியம் சாதத்தில் கால் பங்கைக் குறைத்து, 100 கிராம் மீன் அல்லது கோழி (வெந்தபின் 20 கிராமுக்கு மேல் புரதம்), இல்லையென்றால் ஒரு கப் வெந்த பருப்போ கொண்டைக்கடலையோ (12 முதல் 15 கிராம்) சேருங்கள். காய்கறியைக் குறைக்காதீர்கள். நார்ச்சத்து போய்விட்டால் மலச்சிக்கல் வரும், வயிறு நிறைந்த உணர்வும் குறையும். சாதத்தை அடியோடு நிறுத்துவதும் வேண்டாம். அப்படிச் செய்தால் சிலருக்கு இனிப்பு ஆசை கூடலாம்.

ஒரு நாளைக்கு உங்கள் எடைக்கு 70 முதல் 80 கிராம் புரதம் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது உங்களுக்கு 56 கிராம்; பசி அடங்க அதற்குக் கொஞ்சம் மேலே போகலாம். பவுடர் அவசியமே இல்லை. வாங்கியதைத் தீர்க்க வேண்டுமென்றால் காலைப் பாலில் கலந்து, ஒரு முட்டையைக் குறையுங்கள். அதற்கு முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு வேளை அளவில் புரதத்தைவிடச் சர்க்கரை கிராம் அதிகமென்றால் அது இனிப்புப் பானம், அவ்வளவுதான். புரோட்டீன் பார்களும் இதே கதை. 4 கிராம் சர்க்கரை ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

புரதத்தைப் பற்றி மிகைப்படுத்துபவர்களும் உண்டு. காலை உணவைத் தவிர்த்துவந்த, எடை கூடிய பதின்வயதுப் பெண்களுக்கு 35 கிராம் புரதம் கொண்ட காலை உணவு கொடுத்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. மாலைத் தீனி குறைந்தது உண்மை. ஆனால் குறைந்ததாகச் சொல்லப்பட்டது கொழுப்பு மிகுந்த தீனி. சர்க்கரை ஆசைக்கு மருந்து என்று அதைக் காட்டுவது கொஞ்சம் நீட்டல்.

இனி இரவு இனிப்பு. வயிறு நிறைந்திருக்கும்போது வருவது பசியல்ல, பழக்கம். சோதித்துப் பாருங்கள்: அந்த நேரத்தில் அவித்த முட்டையோ வெறும் கொண்டைக்கடலையோ கொடுத்தால் சாப்பிடுவீர்களா? 'அது வேண்டாம், இனிப்புதான் வேண்டும்' என்றால் புரதத்துக்கு அங்கே வேலையில்லை. சாப்பிட்டதும் பல் தேய்ப்பது, இனிப்பை வீட்டில் கண்ணில் படாமல் வைப்பது, வேண்டுமானால் ஒரு பழம், இவைதான் பலிக்கும். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே என்றால் அதையும் சரிசெய்யுங்கள். தூக்கம் குறைந்தாலே பசியும் இனிப்பு ஆசையும் கூடும்.

இரண்டு வாரம் இப்படிச் சாப்பிட்டு, நாலு மணிக்கு என்ன ஆகிறது என்று குறித்து வையுங்கள். குறைந்தும் மிச்சமிருந்தால் மூன்றரை மணிக்கே ஒரு அவித்த முட்டை அல்லது அரைக் கப் கொண்டைக்கடலை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழவைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கை நடுக்கம், வியர்வையோடு இனிப்பு ஆசை வந்தால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். ரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே என்றால் அப்போது முட்டை உதவாது; 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ உடனே எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.