தளர்வா, தொய்வா?

கேள்வி: நான் எழுதிய கட்டுரையில் 'தளர்வு' ஒரே பத்தியில் நான்கு முறை வந்துவிட்டது. தொய்வு, நெகிழ்வு, இளக்கம் என்று மாற்றி மாற்றிப் போடலாமா? எல்லாம் ஒன்றுதானே?

பதில்: ஒன்றில்லை. துணி காயப்போடும் கொடியைப் பாருங்கள். ஈரப் போர்வையைப் போட்டதும் கொடி நடுவில் தாழ்ந்து தரையைத் தொடப் பார்க்கும், ஆனால் இரண்டு பக்க முடிச்சும் இறுக்கமாகத்தான் இருக்கும். அது தொய்வு. முடிச்சே பிடி விட்டு, கயிறு நழுவத் தொடங்கினால் தளர்வு. அதனால்தான் வேலையில் வேகம் குறைந்தால் 'பணியில் தொய்வு', விதியின் பிடி குறைந்தால் 'விதிகளில் தளர்வு'. 2020, 2021 ஊரடங்கு நாட்களில் 'தளர்வுகள்' என்று பன்மையிலேயே சொல்லிப் பழகிவிட்டோம். 'தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு' என்பதில் தொய்வைப் போட்டுப் பாருங்கள், போலீஸ்காரர் தூங்கிவிட்டது போல இருக்கும்.

இளக்கம் கெட்டியான பொருளுக்கு: மெழுகு, தார், அப்புறம் மனசு. நெகிழ்வு தனி ரகம். சங்கப் பாட்டில் பிரிவால் மெலிந்த தலைவியின் கைவளை நெகிழ்ந்து கழலும். இன்றைக்கு 'நெகிழ்ந்து போனேன்' என்றால் மனம் கரைந்ததாக அர்த்தம், பிளாஸ்டிக்குக்கு 'நெகிழி' என்று பெயர் வந்ததும் இதே வினையிலிருந்துதான். 'நெகிழ்வான அணுகுமுறை' பாராட்டு, 'தளர்வான கண்காணிப்பு' புகார். ஆக, விதியைப் பற்றிய கட்டுரை என்றால் நான்கு தளர்வும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: தளர்வு, தளர்ச்சி, எது சரி?

பதில்: இரண்டும் சரி, இடம்தான் வேறு. உடம்புக்குப் பெரும்பாலும் தளர்ச்சி. நரம்புத் தளர்ச்சி என்று கேட்டுப் பழகிய காதில் நரம்புத் தளர்வு ஒட்டாது. 'தளர்ச்சியான சட்டை' என்று எழுதினால் சட்டைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். குழந்தையின் தளர்நடையில் மட்டும் யாரும் குறை பார்ப்பதில்லை.

கேள்வி: 'லூஸ்' என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் சொல்லுங்களேன்.

பதில்: எது லூஸ் என்று முதலில் சொல்லுங்கள். பேன்ட் என்றால் தொளதொள, கதவுக் கைப்பிடி என்றால் லொடலொட, பல் என்றால் ஆடுகிறது. நட்டு மட்டும் லூசாகவே இருக்கட்டும். 'மரை தளர்ந்திருக்கிறது, கொஞ்சம் பாருங்கள்' என்று ஒரு மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.