நிற்பதும் பந்தயம்தான்

கேள்வி: உலக டிராக் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் ஸ்பிரிண்ட் போட்டி பார்த்தேன். இரண்டே பேர். நடந்து போகிறவரைவிட மெதுவாக உருட்டுகிறார்கள். ஒருவர் அப்படியே நின்றேவிட்டார்! வேகமாக ஓட்டாதவர்களுக்கு உலகப் பட்டமா? இதற்கு டெல்லியில் தனி மைதானம் வேறு!
- வாசகர், கரூர்

பதில்: கடைசிச் சுற்று வரை பார்த்தீர்களா? பார்த்திருந்தால் இந்தக் கேள்வியை எழுதியிருக்க மாட்டீர்கள்.

வேகம் இல்லாதவர் அந்த இடத்துக்கே வர முடியாது. முதலில் ஒவ்வொருவரும் தனியாக 200 மீட்டர் பறந்து காட்டித்தான் தகுதி பெறுகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரைசன் அதை 9.088 விநாடியில் கடந்தார். மணிக்கு 79 கிலோமீட்டர்! பைபாஸில் பஸ் போகிற வேகத்தை ஒரு மனிதர் காலால் மிதித்து எட்டுகிறார்.

அப்புறம் ஏன் உருட்டுகிறார்கள்? காற்றுதான் காரணம். வேகம் இரண்டு மடங்கானால், காற்றைத் தள்ளிக்கொண்டு போக எட்டு மடங்கு சக்தி வேண்டும். முன்னால் போகிறவர் அந்தக் காற்றை முழுதாக நெஞ்சில் வாங்குகிறார். பின்னால் ஒட்டி வருகிறவர் அந்த முதுகின் மறைவில் சக்தியை மிச்சம் பிடித்து, கடைசி 200 மீட்டரில் வெளியே வந்து தாண்டிவிடுவார். முன்னால் போகிறவருக்குப் பின்னால் நடப்பதும் தெரியாது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அதனால் ‘நீ முன்னால் போ’ என்று ஒருவரை ஒருவர் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். நீங்கள் பார்த்த அந்த ‘நிற்பது’ அதற்குத்தான்.

அது சாதாரண நிற்றல் இல்லை. அந்த சைக்கிளில் பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். வளைவிலோ மரத்தளம் 40 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். பொங்கல் விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் ஓட்டியவர்களைக் கேளுங்கள், சமதரையில் கால் ஊன்றாமல் பத்து விநாடி தாக்குப்பிடிப்பது என்ன பாடு என்று சொல்வார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் ஜியோவானி பெட்டெனெல்லாவும் பிரான்ஸின் பியர் திரெந்தனும் கிட்டத்தட்ட 22 நிமிடம் அப்படி நின்றார்கள். கடைசியில் தங்கம் வாங்கியது பெட்டெனெல்லா. இன்று அவ்வளவு நேரம் நிற்க விதி இடம் கொடுக்காது.

ஜப்பானின் கோய்ச்சி நகானோ 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை தொழில்முறை ஸ்பிரிண்ட் உலகப் பட்டத்தை வென்றவர். வெறும் கால் பலத்தை வைத்து பத்து வருஷம் ஒருவர் அப்படி ஆள முடியுமா? எப்போது பாய்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, டெல்லி மைதானத்துக்கு வருவோம். 2010 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டியது அது. அங்கே பயிற்சி எடுத்த அந்தமான் பையன் ஈசோ ஆல்பென் 2018-இல் சுவிட்சர்லாந்தின் எய்கிளில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில், கெய்ரின் பிரிவில் (முதலில் ஒரு மோட்டார் வண்டியின் பின்னால் சுற்றிவிட்டு, அது விலகியதும் பாயும் பந்தயம்) வெள்ளி வாங்கினார். மறு வருஷம் ஜெர்மனியில் நம் ஜூனியர் அணி டீம் ஸ்பிரிண்டில் தங்கமே வாங்கியது. அந்தப் பிள்ளைகளின் பெயர்கூட நமக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். மைதானத்துக்கு ஆன செலவு அல்ல.

அடுத்த முறை ஸ்பிரிண்ட் பார்க்கும்போது சக்கரத்தைப் பார்க்காதீர்கள். முன்னால் போகிறவரின் கழுத்தைப் பாருங்கள். அது திரும்பாத ஒரு நொடியில்தான் பின்னால் இருப்பவர் சாய்ந்த தளத்தின் மேட்டிலிருந்து பாய்வார்.